அடிக்கிறவனுக்கு ரெண்டு பங்கு

உமையாள் அடி வாங்குவதில் பேர் எடுத்தவள். பொன்னமராவதிப் பக்கத்துப் பெண். டிவி சீரியலில் நடிக்கப் போய்ப் பல வருடமாகிவிட்டது. அதில் கடைசி ஏழு வருடம் ‘பூங்கோதையின் வீடு’ என்ற ஒரே சீரியலில் பூங்கோதையாக இருந்து, ராகவன் என்கிற புருஷனிடம் அறை வாங்கிக்கொண்டிருந்தாள். அறை விழுந்ததும் முகம் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும், முடி எவ்வளவு கலைய வேண்டும், எந்தக் கண்ணில் முதலில் நீர் தளும்ப வேண்டும் என்பதெல்லாம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. ராகவனாக நடித்த வெற்றிசெல்வன் நிஜத்தில் பயந்த சுபாவம். ஒவ்வொரு அறைக்குப் பிறகும் அவள் பக்கத்தில் வந்து, மேலே பட்டுவிட்டதா என்று மெதுவாகக் கேட்பான். கைப்பையில் எலுமிச்சம்பழம் இல்லாமல் வீட்டைவிட்டுக் கிளம்ப மாட்டான்.

கதையில் பூங்கோதையின் வீடு தஞ்சாவூர் மிராசுதார் வீடு. படம் பிடித்தது திருமயத்துக்குப் பக்கத்தில், சிங்கப்பூரில் இருக்கும் ஒரு குடும்பத்தாரின் பூட்டிக் கிடந்த பெரிய வீட்டில். மாதத்தில் பாதிக்கு மேல் உமையாளுக்கு அங்கேதான் வேலை. ஒழிந்த நாட்களில் கடை திறப்பு, பள்ளி ஆண்டுவிழா என்று கூப்பிடுகிற இடத்துக்குப் போய் வருவாள்.

அப்படித்தான் மணமேல்குடியில் அழகுமலை என்பவர் திறந்த ஜவுளிக்கடைக்கு அவளும் வெற்றிசெல்வனும் போனார்கள். பூங்கோதையும் ராகவனும் சேர்ந்து ரிப்பன் வெட்டுவார்கள் என்று மூன்று நாளாக ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லியிருந்தார்கள். காரை விட்டு இறங்கியபோது ரோடு நிறைய ஜனம். முன்வரிசை முழுக்கப் பெண்கள். அவர்களில் உயரமாக, தோளில் துண்டு போட்டுக்கொண்டு ஒருத்தி நின்றாள். மீன் ஏலம் எடுக்கும் மீனம்மாள். மகளிர் குழுத் தலைவியும் அவள்தான்.

மீனம்மாள் உமையாளுக்கு மாலை போட்டு, நாற்காலியில் உட்காரவைத்து, கையில் பன்னீர் சோடாவைக் கொடுத்தாள். பிறகு பெண்களெல்லாம் வெற்றிசெல்வனைச் சூழ்ந்துகொண்டார்கள். செல்பி எடுக்க வருகிறார்கள் என்று நினைத்து அவன் தலைமுடியைச் சரிசெய்துகொண்டான். அவர்கள் அவனை அப்படியே நடத்திக் கடைக்குப் பின்னால் இருந்த காளி கோயிலுக்குக் கூட்டிப்போனார்கள். அழகுமலை ஓடி வந்து, ரிப்பனையாவது வெட்டிவிட்டுப் போகட்டும் என்று கெஞ்சினார். பூங்கோதை வெட்டட்டும், அது போதும் என்றார்கள். உமையாள் அவசரமாக வெட்டிவிட்டுக் கத்தரிக்கோலும் கையுமாகக் கோயிலுக்குப் போனாள்.

வெற்றிசெல்வன் காளிக்கு முன்னால் உட்காரவைக்கப்பட்டிருந்தான். மீனம்மாள் சத்தம் போடாமல் பேசினாள்.

“ஏழு வருசமாப் பாத்துக்கிட்டுத்தான் இருக்கோம் தம்பி. எங்கூட்டு ஆம்பளைங்க ஒன்னையப் பாத்துத்தான் கை நீட்டக் கத்துக்கிட்டாங்கன்னு நான் சொல்ல மாட்டேன். அது அவங்களுக்கு முன்னாடியே தெரியும். ஆனா இப்ப ஒன்னையக் காட்டில்ல நியாயம் பேசுறாங்க.”

அது நடிப்பு, கை மேலே படவே படாது என்று அவன் விளக்கினான். குழுவில் கணக்குப் பார்க்கும் செல்வராணி அதை ஒத்துக்கொள்ளவில்லை. படாமலே அந்தப் பிள்ளை இந்த அழுகை அழுகிறதே, பட்டால் என்ன ஆகும் என்று கேட்டாள்.

கருங்கல்லில் சூடம் கொளுத்தினார்கள். ராகவனாக இருந்தாலும் சரி, வெற்றிசெல்வனாக இருந்தாலும் சரி, பூங்கோதை மேல் இனி கை ஓங்க மாட்டேன் என்று அவன் உள்ளங்கையால் சூடத்தை அணைத்துச் சத்தியம் செய்தான். உமையாளுக்கு அடக்க முடியாத சிரிப்பு. அறந்தாங்கி தாண்டும் வரைக்கும் காரில் சிரித்துக்கொண்டே வந்தாள். அவன் கரி படிந்த உள்ளங்கையைப் பார்த்தபடியே வந்தான்.

மறுநாள் காலை எடுக்கவிருந்தது, வெள்ளிக் குங்குமச்சிமிழைத் தொலைத்ததற்காகப் பூங்கோதை அறை வாங்கும் காட்சி. டைரக்டர் பாலாஜி ‘ஆக்‌ஷன்’ என்றதும் வெற்றிசெல்வனின் கை தோள் வரை வந்து நின்றுவிட்டது. மறுபடி எடுத்தார்கள். மறுபடியும் நின்றது. மூன்றாவது தடவை அவனுக்கு உடம்பு சுட்டது. பாலாஜி லைட் போடுகிறவர் ஒருவரைக் கூப்பிட்டு, வெற்றிசெல்வனின் சட்டையை அவருக்கு மாட்டி, கையை மட்டும் எடுக்கலாம் என்றார். சட்டை ராகவனுடையது, அதனால் தோஷம் தனக்குத்தான் வரும் என்று வெற்றிசெல்வன் சட்டையை விடாமல் பிடித்துக்கொண்டான். வேறு சட்டை போட்டு எடுத்தால் வேறு யாரோ வந்து பூங்கோதையை அறைந்துவிட்டுப் போவதுபோல் இருந்தது. அதற்கு ஒரு கதை சொல்ல வேண்டும்.

ஒரு வாரம் பார்த்துவிட்டு, வேறு வழியில்லாமல் ராகவனை நல்லவனாக்கினார்கள். அவன் ஒருநாள் கோயில் யானையிடம் ஆசீர்வாதம் வாங்கித் திருந்தினான். அன்றைக்கு உமையாளும் சந்தோஷப்பட்டாள். கழுத்துச் சுளுக்கு இல்லாமல் தூங்கலாம்.

சந்தோஷம் ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை. நல்ல புருஷனுக்கு வாழ்க்கைப்பட்டவளுக்கு என்ன காட்சி இருக்கிறது? காபி கொண்டுவந்து வைத்தாள். ‘பாத்துப் போய்ட்டு வாங்க’ என்றாள். ஒரு நாள் முழுக்க வாசலில் கோலம் போட்டாள், அதையும் மேலேயிருந்து எடுத்ததால் முகம் தெரியவில்லை. மாதத்தில் பாதிக்கு மேல் இருந்த வேலை நாலைந்து நாளாகச் சுருங்கியது. வேலை செய்த நாளுக்குத்தான் சம்பளம். பிறகு பாலாஜி தயங்கித் தயங்கி வந்து, சேனலில் பூங்கோதையை போட்டோவாக்கிவிடலாம் என்று நினைக்கிறார்கள் என்றார். மாலை போட்ட போட்டோ. ராகவன் அதன் முன்னால் நின்று பேசுவான். போட்டோவுக்குச் சம்பளம் உண்டா என்று உமையாள் கேட்டாள். அவர் அதை வேடிக்கை என்று எடுத்துக்கொண்டு சிரித்தார்.

அன்று சாயங்காலமே அவள் திருமயத்திலிருந்து பஸ் பிடித்து, அறந்தாங்கியில் மாறி, மணமேல்குடியில் போய் இறங்கினாள். மகளிர் குழு ஏலக் கொட்டகையில் கூடியிருந்தது. மீன்வாடைக்கு நடுவில் அவளுக்கு ஒரு ஐஸ் பெட்டியைக் கவிழ்த்துப்போட்டு உட்காரச் சொன்னார்கள். புருஷன் இப்போது எப்படி நடந்துகொள்கிறான் என்று விசாரித்தார்கள்.

“அதான்க்கா பிரச்சன. அந்தச் சத்தியத்த எடுத்துருங்க. அவரு என்னைய அடிக்கட்டும்.”

அடி பழகிப்போய்ப் புத்தி பேதலித்துவிட்டது என்று பின்னாலிருந்து யாரோ சொல்வது கேட்டது. உமையாள் பொறுமையாக எடுத்துச் சொன்னாள். பூங்கோதை அழுதால்தான் உமையாளுக்குச் சோறு. பூங்கோதை சிரித்தால் உமையாள் வீட்டில் உட்கார வேண்டியதுதான். அழுகிற பெண்ணுக்கு மட்டும்தான் அங்கே கதை எழுதுகிறார்கள். இதைச் சொல்லும்போது தான் இத்தனை வருடம் செய்த வேலை என்னவென்று அவளுக்கே முதல் தடவையாகக் காதில் விழுந்தமாதிரி இருந்தது.

மீனம்மாள், தொழில் செய்கிறவள் கேட்கிற கேள்வியைக் கேட்டாள். அடிக்கிறதுக்கு அவனுக்கு என்ன கிடைக்கிறது, வாங்குறதுக்கு உனக்கு என்ன கிடைக்கிறது?

அவனுக்குத் தன்னைப்போல் இரண்டு மடங்கு என்று உமையாள் சொன்னாள். ஏன் என்று தானும் ஒரு தடவை கேட்டதாகவும், அடிப்பது பொறுப்பான வேலை, கை தவறினால் ஆபத்து, வாங்குகிறவர் சும்மா நின்றால் போதும் என்று பதில் வந்ததாகவும் சொன்னாள்.

“அடிக்கிறவனுக்கு ரெண்டு பங்கு, வாங்குறவளுக்கு ஒரு பங்கா?” என்றாள் மீனம்மாள்.

அதுவரை அங்கங்கே பேசிக்கொண்டிருந்தவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். பங்கு என்றால் அங்கே எல்லோருக்கும் தெரியும். படகுக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு என்று பிரிப்பதைப் பார்த்து வளர்ந்தவர்கள். ராகவன் அறைந்ததற்குக்கூட அவர்கள் இவ்வளவு கோபப்பட்டதில்லை. பங்கு சமமாகும்வரை சத்தியத்தை எடுப்பதில்லை என்று அங்கேயே முடிவாயிற்று. உமையாள் வந்த வேலை இன்னும் மோசமாகிவிட்டதாக நினைத்துக்கொண்டு கடைசி பஸ்ஸைப் பிடித்தாள்.

அடுத்த வாரம் வெற்றிசெல்வனே மணமேல்குடிக்கு வந்தான். நல்லவனாக நடிப்பதும் அவனுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. உள்ளங்கையில் ஒரு அரிப்பு நிற்காமல் இருந்தது. டாக்டர் ஒன்றுமில்லை என்றார், அவனுக்குத்தான் இது காளி என்று தெரியுமே. கூட வரச்சொல்லி உமையாளையும் கெஞ்சி அழைத்து வந்திருந்தான். மீனம்மாள் நிபந்தனையைச் சொன்னாள். சம்பளம் தன் கையில் இல்லை என்று அவன் சொன்னான். அப்படியானால் சத்தியமும் தங்கள் கையில் இல்லை என்றாள் அவள்.

அவன் கோயில் படியில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தான். அது நடிப்பில்லை. வீட்டில் தன் மகளுக்குத் தலைசீவச் சீப்பை எடுத்தால்கூட அவள் கன்னத்தைப் பொத்திக்கொள்கிறாள் என்றான். ஊரில் பெண் இருக்கிற வீட்டுக்காரர் ஒருத்தரும் தனக்கு வாடகைக்கு இடம் தரவில்லை என்றான். மூக்கு ஒழுக, வார்த்தை குழற, சின்னப் பையன் மாதிரி அழுதான். பெண்களுக்கு மனசு கேட்கவில்லை. ஒருத்தி முந்தானையைக் கொடுத்தாள். செல்வராணி மட்டும் கைபேசியை எடுத்து முழுவதையும் படம் பிடித்துக் குழுவின் வாட்ஸ்அப்பில் போட்டாள்.

மறுநாள் மத்தியானத்துக்குள் தமிழ்நாடே அதைப் பார்த்துவிட்டது. ராகவன் அழுகிறான் என்று வேலையை விட்டுவிட்டுப் பார்த்தார்கள். சேனலிலிருந்து பாலாஜிக்கு போன் வந்தது. போட்டோ யோசனை கைவிடப்பட்டது. அன்றைக்கே கதை தலைகீழானது. யானை கொடுத்த நல்ல புத்தி ராகவனுக்கு அளவுக்கு மீறிப் போய், அவன் எதற்கெடுத்தாலும் கண்கலங்குகிறவனாகிவிட்டான். பூங்கோதை பணக்காரியாகித் திமிர் பிடித்து அவனை அறைய வேண்டும். அவன் அழ வேண்டும். உமையாளுக்கு மாதம் முழுக்க வேலை வந்தது.

முதல் அறைக்கு முன்னால் அவள் பாலாஜியிடம் போய்ப் பேசினாள். இனி அடிக்கிறது நான், அதனால் அடிக்கிறவருடைய சம்பளத்தை எனக்குக் கொடுங்கள் என்றாள். பாலாஜி நாற்காலியை இழுத்துப் போட்டு, தங்கைக்குச் சொல்வதுபோல் எடுத்துச் சொன்னார்.

“அடிக்கிறதுல என்னங்க இருக்கு? யாரு வேணாலும் அடிக்கலாம். அழுகைதான் கஷ்டம். அது உள்ளேருந்து வரணும். அதனாலதான் அவருக்கு ரெண்டு மடங்கு.”

“ஏழு வருசமா நான்தானே சார் அழுதேன்?”

“பொம்பளைங்க அழுகுறது இயல்புங்க. அதுல நடிப்பு எங்க இருக்கு?”

அவர் இதைக் கேலியாகச் சொல்லவில்லை. உமையாள் எழுந்து வந்து, மேக்கப் போட்டுக்கொண்டு, காட்சிக்குப் போய் நின்றாள். ‘ஆக்‌ஷன்’ என்றார்கள். கையை ஓங்கினாள். வெற்றிசெல்வன் அதற்குள் கண்ணீரை வரவழைத்திருந்தான். அவள் கையைக் கீழே இறக்கினாள்.

“என்னால முடியாது சார். நானும் அந்தக் காளிகிட்டச் சூடம் அணைச்சிருக்கேன். சமபங்கு இல்லாம கை ஓங்க மாட்டேன்னு.”

அது சுத்தப் பொய். அந்தச் சமயத்தில் வாயில் வந்தது. ஆனால் வெற்றிசெல்வன் வெளிறிப் போய், அந்தக் காளி சாதாரணக் காளி இல்லை சார் என்று பாலாஜியிடம் சொல்லித் தன் உள்ளங்கையை விரித்துக் காட்டினான். லைட் போடுகிறவர்களெல்லாம் வந்து அதை எட்டிப் பார்த்தார்கள். ஒருவர் லைட்டை அணைத்துவிட்டுச் செருப்பைக் கழற்றினார். அன்று முழுக்க ஒரு காட்சியும் எடுக்க முடியவில்லை.

வீட்டு வாடகை ஓடிக்கொண்டிருந்ததால் சேனல் சீக்கிரமே இறங்கி வந்தது. சமத்துவத்துக்குத் தாங்கள் எதிரியில்லை என்று சொல்லி, ஒரு வழியும் சொன்னார்கள். வெற்றிசெல்வனின் சம்பளத்தை உமையாளுக்குச் சமமாகக் குறைத்துவிடலாம்.

அதைக் கேட்ட நிமிடத்திலிருந்து வெற்றிசெல்வன் பெண்ணுரிமைப் போராளியாகிவிட்டான். பெண்ணின் உழைப்புக்கு மரியாதை கொடுக்காத சமூகம் உருப்படுமா என்று பாலாஜியிடம் கத்தினான். திருமயம் கோட்டைக்கு முன்னால் நின்று நிருபர்களுக்குப் பேட்டி கொடுத்தான். சம உழைப்புக்குச் சம ஊதியம், ஆனால் அது மேலே ஏறிச் சமமாக வேண்டும், கீழே இறங்கி அல்ல என்று விரல் நீட்டிப் பேசினான். பேசும்போது கண்ணும் கலங்கியது. அதுவும் ஊரெல்லாம் ஓடியது. ஒரு வாரம் இழுத்துவிட்டு சேனல் உமையாளுக்கும் அவனுடைய சம்பளத்தையே கொடுக்க ஒத்துக்கொண்டது.

மகளிர் தினத்தன்று புதுக்கோட்டையில் ஒரு மண்டபத்தில் பெரிய விழா எடுத்தார்கள். பெண்களின் உரிமைக்குக் குரல் கொடுத்த நடிகர் என்று வெற்றிசெல்வனுக்குக் கேடயம் கொடுத்தார்கள். அவனுக்குப் பொன்னாடை போர்த்த உமையாளை மேடைக்குக் கூப்பிட்டார்கள். போர்த்தினாள். போட்டோவுக்குச் சிரிக்கச் சொன்னார்கள், சிரித்தாள். உன்னால்தான் உமா எல்லாம் என்று அவன் காதோரம் சொன்னான். அவன் மனசாரத்தான் சொன்னான். மைக் அவன் கைக்கு எட்டுகிற தூரத்தில்தான் இருந்தது, ஆனாலும் அதில் அதைச் சொல்லத் தோன்றவில்லை. அவளுக்குக் கோபப்படக்கூட அலுப்பாக இருந்தது.

அன்று இரவு விடுதி அறையில் அவளுக்கு ஒரு போன் வந்தது. ‘உமையாளுங்களா?’ என்று கேட்ட குரலைக் கேட்டு அவள் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். அது பூங்கோதையின் குரல். ஏழு வருடமாக அவள் வாயசைப்புக்கு டிவியில் வந்துகொண்டிருந்த குரல். உமையாளின் சொந்தக் குரல் சீரியலுக்குக் கட்டை என்று ஆரம்பத்திலேயே சொல்லி, சென்னையில் யாரையோ வைத்துப் பேச வைத்துக்கொண்டிருந்தார்கள். அது யாரென்று அவள் ஒரு நாளும் கேட்டதில்லை.

“எம்பேரு கண்ணாத்தாள். கீரனூருக்காரிதான். ஒங்களுக்கு நான்தான் அழுவுறேன்.”

கண்ணாத்தாள் விஷயத்தைச் சுருக்கமாகச் சொன்னாள். ராகவனுக்குக் குரல் கொடுப்பவருக்குத் தன்னைப்போல் இரண்டு மடங்கு. முன்பு கேட்டபோது, அதட்டுகிற குரலுக்குத் தொண்டை கிழியும், அழுகிற குரலுக்கு என்ன என்றார்கள். இப்போது அதட்டுவது கண்ணாத்தாள். அழுகிற குரல்தான் அருமை என்கிறார்கள். அந்தக் காளி கோயிலுக்கு எந்த பஸ் என்று தெரிந்தால் நல்லது.

உமையாளுக்கு இரண்டு விதமாக இருந்தது. தான் மட்டும் ஜெயித்துவிட்டு இவளைப் பற்றி நினைக்காமலே இருந்துவிட்டோமே என்று ஒன்று. இன்னொன்று, செய்யாத சத்தியத்தைச் செய்ததாகப் பொய் சொன்னது பல நாளாக அவளை உறுத்திக்கொண்டிருந்தது. எப்படியும் ஒரு தடவை காளியிடம் போய் அதை உண்மையாக்கிவிட்டு வர வேண்டும். பஸ் எதற்கு, நானே கூட்டிப்போகிறேன் என்றாள்.

அந்த வாரக் கடைசியில் கண்ணாத்தாள் சென்னை ரயிலில் விடிகாலை புதுக்கோட்டையில் வந்து இறங்கினாள். ஐம்பது வயதிருக்கும். குள்ளமாக, கண்ணாடி போட்டுக்கொண்டு, தொண்டைக்குக் கம்பளித் துணி சுற்றியிருந்தாள். யாரோ ஸ்கூல் டீச்சர் என்று நினைத்து உமையாள் அவளைத் தாண்டிப் போய்விட்டாள். கண்ணாத்தாள் ‘உமையாள்’ என்று கூப்பிட்டதும் பிளாட்பாரத்தில் டீ விற்றுக்கொண்டிருந்தவர் உட்படப் பத்துப் பேர் திரும்பினார்கள்.

மணமேல்குடியில் மீனம்மாளும் செல்வராணியும் மற்றவர்களும் கோயிலில் காத்திருந்தார்கள். உமையாள் முதலில் சூடம் அணைத்தாள். பொய்யை மனசுக்குள் சொல்லி மன்னிப்புக் கேட்டுக்கொண்டாள். சூடு நிஜமாகவே சுட்டது. பிறகு பூங்கோதைக்குக் குரல் கொடுப்பவர் என்று கண்ணாத்தாளை அறிமுகம் செய்தாள். பெண்களுக்கு அது சரியாகப் பிடிபடவில்லை. மரியாதைக்கு வணக்கம் சொன்னார்கள்.

கண்ணாத்தாள் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, தொண்டைத் துணியை அவிழ்த்து, காளியைப் பார்த்து வாய் திறந்தாள்.

“ஆத்தா, எனக்கும் ஒரு பங்கு வேணும்.”

அவ்வளவுதான். செல்வராணி மார்பில் கை வைத்துக்கொண்டாள். பின்னால் ஒரு கிழவி விசும்பினாள். அடுத்த நிமிடம் எல்லோரும் கண்ணாத்தாளைச் சூழ்ந்துகொண்டு, கன்னத்தைத் தடவி, திருஷ்டி கழித்து, நீதானா தாயி அது, நீதானா இத்தனை வருசமும் என்று கேட்டுக் கேட்டு அழுதார்கள். மீனம்மாள்கூடத் துண்டால் முகத்தைத் துடைத்தாள். அந்தப் புருஷன் அடித்த அடியில் உடம்பு எப்படி இருக்கிறது என்று ஒருத்தி அவளிடம் விசாரித்தாள். கண்ணாத்தாள், இப்போது பரவாயில்லை என்றாள். அந்தக் குரலில் அதைக் கேட்டதும் மறுபடி அழுகை கிளம்பியது.

உமையாள் இரண்டு பேருடைய பைகளையும் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றாள். அவளை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஏழு வருடமாக அறை வாங்கிய கன்னம் தன்னுடையதுதானே என்று அவளுக்கு ஒரு பொறாமை வந்தது. பிறகு அந்தச் சின்ன உருவம் கூட்டத்துக்குள் அமுங்கி, கண்ணாடி கோணிப் போய், இத்தனை வருடத்தில் முதல் தடவையாக யாரோ தன்னைக் கட்டிக்கொள்வதை எப்படி ஏற்பது என்று தெரியாமல் தவிப்பதைப் பார்த்தாள். பைகளைக் கோயில் படியில் வைத்தாள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே போய், மூச்சுவிட இடம் கொடுங்கக்கா என்று தன் கட்டைக் குரலில் சத்தம் போட்டாள். யாரோ ஒருத்தி திரும்பிப் பார்க்காமலே, நீ யாரு புள்ள, தள்ளி நில்லு என்றாள்.

உமையாள் தள்ளி நிற்கவில்லை. கண்ணாத்தாளின் கண்ணாடியை நேராக்கிவிட்டு, பக்கத்திலேயே நின்றுகொண்டு, ராகவனுக்குக் குரல் கொடுக்கிறவரின் போன் நம்பர் இருக்கிறதா, சமமாக்குகிறோம் என்று அவர் சம்பளத்தைத்தான் குறைப்பார்கள் என்று முதலில் அவரிடம் சொல்லி வைக்க வேண்டும் என்றாள்.